உப்புக்காற்று வீட்டுக்கு எந்தப் பழைய மரம்? படகுப் பலகை, பனங்கை, பழந்தேக்கு, சீமைக்கருவேலம்

கீழக்கரை, பெரியபட்டினம், தங்கச்சிமடம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையோர ஊர்களிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. புது வீடு முடிந்துவிட்டது, அல்லது யாத்திரை வருவோருக்கு வாடகைக்கு விட மாடியில் அறை எடுத்தாயிற்று. கடையில் வரிசையாக நிற்கும் பிளைவுட், மரத்தூள் பலகைச் சாமான்களை வாங்க மனமில்லை. பழைய மரத்தில் புதுமாதிரியாக ஏதாவது செய்ய வேண்டும். எதை எடுப்பது? கேள்வியோடு கைப்பேசியில் படங்களும் வந்து சேர்கின்றன: வத்தை என்ற மரப்படகைக் குறுக்கே அறுத்து நிறுத்திய புத்தக அலமாரி, செட்டிநாட்டுக் கதவின்மேல் கண்ணாடி போட்ட சாப்பாட்டு மேசை, அடிமரத்தை அப்படியே சீவி வைத்த முக்காலி.

ஆசை நியாயமானது. மரத்தூளை அழுத்திச் செய்த கடைப் பலகை இந்தக் காற்றில் ஈரம் குடித்து விளிம்பில் ஊதிவிடும். ஊதியதைச் சரிசெய்ய எந்த ஆசாரியாலும் முடியாது. கட்டை மரத்தில் செய்ததை இழைத்து, முளை மாற்றி, எண்ணெய் பூசி இன்னொரு தலைமுறைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் எந்த மரம் என்பதைப் படம் பார்த்துத் தீர்மானிப்பது இந்தக் கரையில் ஆபத்து. இங்கே முதலில் தீர்ப்புச் சொல்வது உப்பு.

எதையெல்லாம் வைத்து எடைபோட வேண்டும்

பாம்பன் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் திறந்த பாலத்தின் இரும்பை ஒரு நூற்றாண்டுக்கு மேல் உப்புக்காற்று தின்றது. 2022 டிசம்பரில் அதன்மேல் ரயில் போவது நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டு, வெளியே பாலிசிலாக்ஸேன் என்ற சிறப்பு வண்ணப்பூச்சு பூசியிருக்கிறார்கள். ரயில்வேயே இவ்வளவு பார்க்க வேண்டியிருக்கும்போது, நம் வீட்டு நாற்காலியின் திருகாணி எந்த மூலைக்கு?

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். நம் கரையில் இரவுகளில் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உப்பு ஏறிய பலகை பகலில் உலர்ந்து கிடக்கும், இரவில் வியர்க்கும். அதிலுள்ள இரும்பு ஆணி நாள்தோறும் நனைந்து நனைந்து காயும்.

வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். ராமேசுவரம் தீவில் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தெற்கத்திச் சோழகக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலைப் பார்த்த திண்ணையில் அலைத்திவலையே வந்து விழும். வாடைக் காலத்தில் தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வீடுகளுக்கு அந்தப் பாடு. ஊருக்குள் நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு இரண்டும் பாதிதான்.

அடுத்தது பூச்சி. கறையான் மண்ணிலிருந்து ஏறும். துளைப்பூச்சி மரத்தோடு சேர்ந்தே வீட்டுக்குள் வரும். இரண்டுக்கும் மருந்து வேறு.

மூன்றாவது, மறைந்திருக்கும் செலவு. பழைய மரத்தை மலிவாக வாங்கிவிட்டோம் என்று மகிழும்போது ஆசாரியின் கூலி, வண்டி வாடகை, கழிவாகும் மரம், பழைய ஆணியில் பட்டு உடையும் ரம்பம் எல்லாம் பின்னால் வரிசையாக வரும். பழுதானால் கூப்பிடும் தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கடைசியாக, நான் விட்டுக்கொடுக்காத ஒன்று: நாம் வாங்குவதால் எது அழிகிறது? கழிவாகப் போகவிருந்ததை மீட்கிறோமா, நன்றாக இருந்த ஒன்றைக் கூறுபோட வைக்கிறோமா? பழையதைப் புதிதாக்குகிறோம் என்ற பெயரில் பின்னது நிறையவே நடக்கிறது.

படகுப் பலகை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். ஃபைபர் படகுகள் வந்தபிறகு மர வள்ளங்களும் வத்தைகளும் கரையில் ஓய்ந்து கிடக்கின்றன. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது படகுகளைக் கரையேற்றி, படகுத் தச்சர்களான ஓடாவிகள் பழுது பார்ப்பார்கள். கழற்றிப் போடும் பலகை அந்த நாட்களில் கிடைக்கும். ஆனால் அதே நாட்களில் ஓடாவிக்குத் தலைக்குமேல் வேலை. பலகையை அப்போது வாங்கி வைத்துக்கொண்டு, வேலையைத் தடைக்காலம் முடிந்தபின் கொடுப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஒரு வத்தைப் பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விளிம்பு நெடுகச் சம இடைவெளியில் ஆணித்துளைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மை ஊறியதுபோல் ஒரு கரும்படை. இரண்டு பலகை சேர்ந்த ஓரத்தில் பஞ்சும் குங்கிலியமும் இறுகிக் கிடக்கும். நகத்தால் கீறினால் தேன்நிறத்தில் பொடியாக உதிரும். மேல்முகத்தில் நீலத்தின்கீழ் பச்சை, பச்சையின்கீழ் சிவப்பு என்று வருடாவருடம் பூசிய வண்ணங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். இந்த அழகை எந்தத் தொழிற்சாலையாலும் செய்து தர முடியாது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் படகின் எல்லா மரமும் ஒன்றல்ல. நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த பலகையில் கப்பல்புழு குடைந்திருக்கும். வெளியே ஊசிமுனைத் துளை, உள்ளே சுண்ணாம்பு பூசிய குழல்கள். குறுக்கே அறுத்தால்தான் தெரியும். எஞ்சின் வைத்த படகின் அடிப்பகுதியில் டீசல் ஊறியிருக்கும். அந்த வாடை மூடிய அறையில் எத்தனை வருடமானாலும் போகாது. மரத்தின்மேல் ஃபைபர் போர்த்திய வள்ளத்தை வாங்கவே வேண்டாம். போர்வையை உரிக்கும்போது மரமும் சேர்ந்து சிதையும், அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. எடுக்கத் தகுந்தவை மேல்வரிசைப் பலகைகளும் வங்குகளும்தான். படகின் விலா எலும்பாக இருக்கும் வங்கு இயற்கையாகவே வளைந்த கட்டையிலிருந்து செதுக்கியது. பெஞ்சுக்குக் காலாகவோ, சுவரலமாரிக்குத் தாங்கியாகவோ அதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைப்பது கடினம்.

வாங்கிய பலகையை நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோகக் கூடாது. நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, நிழலில் இடைவெளி விட்டு அடுக்கிக் காயவைக்க வேண்டும். காயும்போது மேலே வெண்பொடி பூக்கிறதா என்று பாருங்கள். பூத்தால் மறுபடி ஊற வேண்டும். குடிநீரையே குடம் குடமாக வாங்கும் ஊர்களில் இந்தத் தண்ணீரும் ஒரு செலவுதான். மழைக்காலத்தில் திறந்தவெளியில் அடுக்கி வைத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை பாதி வேலையைச் செய்துவிடும்.

பெரிய அபாயம் வண்ணத்தில் இருக்கிறது. படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசுவது நஞ்சு கலந்த பூச்சு. செப்புச் சேர்மம் அதில் வழக்கமான சரக்கு. பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கலாம். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பொடியாக்கி வீட்டு முற்றத்தில் பறக்கவிடக் கூடாது. வண்ணத்தின் அழகுக்காக அப்படியே வைத்துக்கொள்வதானால் மேலே தெளிவான பூச்சு இரண்டு கை கொடுத்து மூடிவிட வேண்டும். குழந்தைக் கட்டிலுக்கும், உணவு வைக்கும் மேசைக்கும் வண்ணம் பூசிய படகுப் பலகை கூடவே கூடாது.

திண்ணைப் பெஞ்சு, செருப்பு அலமாரி, மொட்டை மாடியில் போடும் சாய்வுப் பலகை, தங்கும் அறையின் சுவரில் ஒரு நீண்ட தட்டு: இவற்றுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஈரமும் உப்பும் பார்த்துப் பழகிய மரம் அது.

பனங்கையும் பனைநாரும்

யாரும் படம் அனுப்பாதது இது. நம் மாவட்டத்துக்கு மிகவும் சொந்தமானதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் ஓட்டு வீடுகளை இடித்துக் கான்கிரீட் வீடு எழுப்பும்போது, கூரை தாங்கிய பனைமரச் சட்டங்களான பனங்கைகள் கட்டுக்கட்டாக இறங்குகின்றன. பல இடங்களில் அவை விறகுக்குப் போகின்றன. அடுப்புப் புகையும் ஓட்டுச் சூடும் பட்டுப் பட்டு இறுகிய அந்தக் கட்டைகளில் மேற்கொண்டு வளையவோ முறுகவோ எதுவும் மிச்சமில்லை. ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து முகத்தைப் பாருங்கள். வெளிவிளிம்பில் கருநார்ப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே போகப் போக இடைவெளி விட்டு, நடுவில் வெளிறிய சோறு. கருமை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வைரம், அதாவது கட்டையின் உறுதியான பகுதி. விலை பேசும்போது கட்டையின் தடிமனைப் பார்க்காமல் இந்தக் கருவிளிம்பைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் பூசியதும் கறுப்பும் செம்பழுப்புமாக நீளவாக்கில் கோடு ஓடும் அந்த முகத்துக்கு ஈடாகக் கடைகளில் விற்கும் எந்த மெல்லிய மரத்தோலும் வராது. வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. நடுச்சோற்றைத் தொடும். ஆகவே சோற்றை முழுவதும் சீவி எறிந்துவிட்டு, மிஞ்சும் பட்டைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டித்தான் பலகை உருவாக்க வேண்டும். மறைந்திருக்கும் செலவு இங்கேதான்: கழிவு அதிகம், பசை அதிகம், வேலை நேரம் அதிகம். ஆணியை நேராக அடித்தால் நார் பிளந்துவிடும். ஒவ்வொரு திருகாணிக்கும் முன்கூட்டித் துளையிட வேண்டும். சிலாம்பு கையில் ஏறினால் சீழ் வைக்கும் என்பதால் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை. பனை வேலை தெரிந்த ஆசாரிகளும் குறைந்து வருகிறார்கள். தெரிந்தவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

உயிருள்ள பனையை வெட்டி மேசை செய்யும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை இங்கேயே விட்டுவிடுங்கள். பனை தமிழகத்தின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். இடித்த வீட்டில் கிடைப்பதே போதும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நார்க்கட்டில். பூவரசுக் கால், பழைய பனஞ்சட்டம், மட்டையிலிருந்து உரித்த நார். காற்று அடியிலிருந்தும் வருவதால் சித்திரை, வைகாசி வெக்கையில் மெத்தைக்கட்டில் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இரும்பே இல்லாமல் முழுக்கட்டிலையும் கட்டிவிடலாம். அந்த ஒரு காரணமே உப்புக்காற்று வீட்டுக்குப் போதுமானது. நார் தளரும், அவ்வப்போது இழுத்துக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் வெயிலில் காட்ட வேண்டும். எலி கடிக்கும். இந்தப் பராமரிப்புக்கு வீட்டில் ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். தங்கும் விடுதிக்காரர்கள் திண்ணைக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம், அறைக்குள் வேண்டாம். கனத்த ஆள் ஒருவர் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தாலே நார் அறும்.

பழந்தேக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றி இந்தப் பகுதியில் தெரியாதவர்கள் குறைவு. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கு, செட்டிநாட்டு வீடுகளின் தூணாகவும் நிலையாகவும் நின்றுவிட்டு, வீடு பிரிபட்டபின் இங்கே வந்து சேர்கிறது. கீழக்கரையிலும் பழைய வீடுகள் இடிபடும்போது நல்ல தேக்கு கிடைக்கிறது. அதைத் தெருவிலேயே விசாரித்து வாங்கினால் வண்டி வாடகை மிச்சம்.

மரத்தின் குணத்தைப் பற்றி வாதமே இல்லை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. வைரப்பகுதியைக் கறையான் தீண்டாது, ஈரத்தில் அதிகம் அசையாது. உப்புக்காற்றைப் பொறுத்தவரை நால்வரில் இதற்குத்தான் முதல் இடம்.

சிக்கல் வாங்கும் இடத்தில் இருக்கிறது. புது மரத்துக்குச் சாயமேற்றிப் பழசு என்று விற்பது உண்டு. பின்புறத்தைப் பாருங்கள். நான்கு முகமும் ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மறைவான ஒரு மூலையில் இழைப்புளியால் ஒரு சீவு சீவச் சொல்லுங்கள். தேக்கானால் தோல் போன்ற அதன் எண்ணெய் வாசம் உடனே எழும், பொன்னிறம் தெரியும். சீவ விடாத கடையில் வாங்க வேண்டாம். பழைய ஆணி ஒன்று உள்ளே ஒடிந்து கிடந்தால் மரவாடியில் ரம்பம் போய்விடும். அதற்கான பணத்தை உங்களிடம்தான் கேட்பார்கள். அறுக்கக் கொடுக்கும் முன் காந்தத்தால் தடவிப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் மனம் பொறுக்காமல் சொல்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் வேலைப்பாட்டுக் கதவை மேசையாக்காதீர்கள். கதவுக்கு நடுவில் தாழ்ந்த பலகைகள், சுற்றிலும் உயர்ந்த சட்டம், இடையில் பூவேலை. இதன்மேல் சாப்பாடு வைக்க முடியாது என்று கண்ணாடி போடுகிறார்கள். கண்ணாடிக்கும் மரத்துக்கும் இடையில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கிறது. எடையோ நாலு பேர் தூக்க வேண்டிய அளவு. இரண்டு தலைமுறை திறந்து மூடிய கதவு இன்னும் திறந்து மூடத் தயாராகத்தானே இருக்கிறது? அதைக் கதவாகவே மாட்டுங்கள். உங்கள் புது வீட்டு நிலையை அதன் அளவுக்குக் கட்டச் சொல்லிவிட்டால், புதுக்கதவின் செலவும் மிச்சம். மேசைக்கு உடைந்த உத்தரமும், ஒற்றையாகக் கிடக்கும் சட்டமும், தூணின் செல்லரித்த அடியைக் கழித்த மிச்சமும் தாராளமாகக் கிடைக்கின்றன. மேசை அவற்றில் வரட்டும்.

சீமைக்கருவேலம்

வேலிக்காத்தான் என்றும் சொல்லும் சீமைக்கருவேலத்தைப் பற்றி இந்த மாவட்டத்தில் நல்ல வார்த்தை சொல்பவர்கள் குறைவு. 1877இலேயே இந்தியாவுக்குள் வந்த இந்த மரம் நம் கண்மாய்களையும் தரிசுகளையும் விழுங்கிவிட்டது. அகற்றச் சொல்லி நீதிமன்ற உத்தரவுகள் வந்தன. வெட்டியதெல்லாம் விறகுக்கும், முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி வட்டாரத்துக் கரிமூட்டங்களுக்கும் போகிறது.

எரிந்துபோகும் அந்தத் தூர்க்கட்டைகளுக்குள் அபாரமான மரம் இருக்கிறது. இதன் நெருங்கிய உறவு மரங்களைக் கொண்டு அமெரிக்காவின் டெக்சாஸிலும் அர்ஜென்டினாவிலும் மேசையும் தரைப்பலகையும் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். காய்ந்து சுருங்குவது தேக்கைவிடவும் குறைவு. அடர்த்தி அதிகம். செம்பழுப்பு வைரம் வெயில் பட்டு ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கறுக்கும்.

எதிர்ப்பக்கத்தையும் முழுமையாகச் சொல்ல வேண்டும். நேராக நாலடி கிடைப்பதே அரிது. முறுகல், வெடிப்பு, உள்ளே மறைந்த முள். கருவியின் முனை சீக்கிரம் மழுங்கும். வைரத்தைச் சுற்றியிருக்கும் மஞ்சள் வெள்ளைப்பகுதியைத் துளைப்பூச்சி விட்டுவைக்காது. பளபளவென்று பூச்சுப் போட்டு வாங்கிய முக்காலியின் அடியில் மாவு கொட்டத் தொடங்கினால் காரணம் அதுதான். மஞ்சளை ஒரு விரல்கடையும் மிச்சம் வைக்காமல் சீவச் சொல்லுங்கள். கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிறகு காயவைக்கும் பழைய வழக்கம் இதற்கும் பொருந்தும். போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது இன்னும் உறுதி. ஆனால் மழையில் நனையும் இடத்தில் போட்டால் அந்த மருந்து கரைந்து வெளியேறிவிடும். துவர்ச்சத்து அதிகமுள்ள மரம் என்பதால் இரும்பு பட்ட இடம் கறுத்துப்போகும்.

ஆகவே இது பெரிய சாமானுக்கான மரம் ஆகாது. முக்காலி, கட்டில் ஓரத்துச் சிறுமேசை, கதவுக் கைப்பிடி, விளக்குத்தண்டு, துண்டுகளை ஒட்டிச் செய்யும் மேசைமுகம் ஆகியவற்றுக்குப் பொருத்தம். மரம் மலிவு, கூலி அதிகம். விலையில் பெரும்பங்கு ஆசாரியின் கைக்குப் போகிறது என்பது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. இதை வாங்குவதால் அழிவது களை மட்டுமே என்ற வகையில், என் கடைசி அளவுகோலில் இதற்கே முதலிடம்.

வீட்டில் எந்த இடத்துக்கு எது

| இடம் | முதல் தேர்வு | அடுத்தது | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|---|
| கடல் பார்த்த திண்ணை | படகின் மேற்பலகை | தேக்கு | சீமைக்கருவேலம் |
| கூடம் | பனங்கை | தேக்கு | டீசல் ஊறிய படகு மரம் |
| சாப்பாட்டு மேசை | தேக்கு | பனங்கை | வண்ணம் பூசிய படகுப் பலகை |
| படுக்கையறை | நார்க்கட்டில், கருவேலச் சிறுமேசை | தேக்கு | படகு மரம் |
| வாடகைக்கு விடும் அறை | தேக்குச் சட்டம் | சுவரில் படகுப் பலகைத் தட்டு | நார்க்கட்டில் |

எதை எடுத்தாலும் ஆணி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மரத்துக்கு ஆயிரம் யோசித்துவிட்டுச் சாதாரண இரும்புத் திருகாணியில் முடித்தால், மரம் நன்றாக இருக்கும்போதே இணைப்பு இற்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் தரம் உண்டு. 304 என்பது கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களுக்குச் சரி. கடலோரத்துக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் பித்தளை. கீல்களுக்கும் இதேதான். முடிந்த இடத்தில் எல்லாம் துளை எடுத்து முளை செருகும் இணைப்பைக் கேட்டு வாங்குங்கள். நம் ஆசாரிமார்களுக்கு அது கைவந்த கலை, நேரம்தான் கூடுதலாகும்.

மெத்தை உறைக்கும் திரைக்கும் பரமக்குடிக் கைத்தறிப் பருத்தியை எடுக்கலாம். பழைய பருத்திச் சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பு இன்னும் நல்லது, அடிக்கடி துவைக்கத் துவைக்க மென்மையாகும். கழிந்த நைலான் வலையில் பை தைக்கும் புது முயற்சிகளையும் பார்க்கிறேன். பாசி எடுக்கப் போகும் நம் பெண்கள் இடுப்பில் கட்டும் வலைப்பை ஏற்கெனவே தேர்ந்த வடிவமைப்பு. அதைப் பார்த்துத் தைப்பவர்கள் நன்றாகத் தைக்கிறார்கள். வலை மட்காது, ஆனால் வெயிலில் கிடந்து கிடந்து நைலான் நொறுங்கும். ஆகவே கையில் இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழைய வீட்டை இடித்த பவளக்கல்லை அலங்காரமாக வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். பவளமும் கடல்விசிறியும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. எது பழையது, எது நேற்று உடைத்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நாம் வாங்கினால் உடைப்பவருக்கு வேலை பெருகும். 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் வந்தது. அதற்கு முன்பு அள்ளியது போதும்.

உங்கள் நிலைமை இதுவானால்

கையிருப்புக் குறைவு, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றால் நார்க்கட்டிலும் பனங்கைப் பெஞ்சும் போதும். ஊரில் எந்த வீட்டை இடிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருங்கள்.

ஆண்டில் பாதி பூட்டிக் கிடக்கும் வீடானால், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் வீடானால், தேக்கைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன். மூடிய வீட்டில் கவனிப்பாரின்றி நிற்கக்கூடியது அது ஒன்றே. முதலில் செலவு கூடும், பிறகு தொந்தரவு இல்லை.

யாத்திரைக்காரர்களுக்கு அறை விடுபவர்கள் படகுப் பலகையை ஓர் இடத்தில், கண்ணில் படும்படி வைத்தால் போதும். அறை முழுக்க அதையே நிரப்பினால் துடைத்து மாளாது.

சின்னதாகத் தொழில் தொடங்க நினைக்கும் இளைஞர்கள் சீமைக்கருவேலத்தைப் பாருங்கள். படகுப் பலகை இன்னும் சில ஆண்டுகளில் தீரும். பழந்தேக்கின் விலை ஏறிக்கொண்டேதான் போகும். கருவேலம் தீராது. கரிமூட்டக்காரர் எடைக்கு வாங்கும் விலையைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துத் தடித்த தூர்க்கட்டைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். முனைகளில் மெழுகு பூசி நிழலில் அடுக்கி, குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழையும் கழியும்வரை அறுக்காதீர்கள். அந்தக் காத்திருப்புக்கான பணத்தை முதலீட்டுக் கணக்கில் முதல் வரியாக எழுதிவிட்டு, அதற்குப் பிறகு பட்டறைக்கு இடம் தேடுங்கள்.